மெட்டாவின் லாபி செலவு 2.44 கோடி டாலர்: இது அதிகமா, குறைவா?

வாசகர் கேள்வி, 23 ஜனவரி 2025

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசிடம் லாபி செய்வதற்கு, அதாவது சட்டங்களையும் முடிவுகளையும் தனக்குச் சாதகமாக்க ஆள் வைத்துப் பேசுவதற்கு மட்டும் 2 கோடியே 44 லட்சம் டாலர் செலவழித்ததாகச் செய்தி வந்திருக்கிறது. நம் ஊரில் இதற்கு லஞ்சம் என்று பெயர். அங்கே மட்டும் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டால் சட்டபூர்வமாகிவிடுமா? இவ்வளவு பணம் இருந்தால் நாடாளுமன்றத்தையே விலைக்கு வாங்கிவிடலாமே. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

23 ஜனவரி 2025, இரவு

எனக்கு இந்தத் தொகை பெரிதாகத் தெரியவில்லை; இவ்வளவு குறைவாக இருப்பதுதான் உறுத்துகிறது. மெட்டாவின் 2024ஆம் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 16,450 கோடி டாலர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒரு மணி நேரத்துக்கு 1.87 கோடி டாலர் வருகிறது. ஓராண்டு முழுவதும் வாஷிங்டனில் செலவழித்த தொகையை அந்த நிறுவனம் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஈட்டிவிடுகிறது.

லஞ்சமா என்ற கேள்விக்கு: இந்தப் பணத்தில் ஒரு டாலர்கூட எந்த உறுப்பினரின் கைக்கும் போவதில்லை. நிறுவனத்தின் சொந்த லாபியாளர்களுடைய சம்பளம், வெளியிலிருந்து அமர்த்தப்படும் லாபி நிறுவனங்களின் கட்டணம், அலுவலக வாடகையில் உரிய பங்கு ஆகியவையே இதில் அடங்கும். ஒரு நிறுவனம் தன் கஜானாவிலிருந்து மத்தியத் தேர்தல் வேட்பாளருக்கு நேரடியாக நன்கொடை தருவதற்கு 1907ஆம் ஆண்டிலிருந்தே தடை இருக்கிறது. அதே சமயம், அரசிடம் முறையிடுவதைக் குடிமக்களின் உரிமையாக அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் காக்கிறது. நிறுவனங்களும் அந்த நிழலில்தான் நிற்கின்றன. அது நியாயமா என்பது வேறு விவாதம்.

24 ஜனவரி 2025

"இவ்வளவு உறுதியாகப் பேசுகிறீர்களே, அந்தக் கம்பெனி ஆளா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. வாஷிங்டனில் ஒரு வணிகச் சங்கத்தின் கணக்குப் பிரிவில் சில காலம் வேலை பார்த்தேன். காலாண்டு அறிக்கைக்கான எண்களைத் திரட்டுவது என் மேசையில்தான் நடந்தது.

வேலை இப்படித்தான் நடக்கும். காலாண்டு முடிந்தவுடன், அரசு விவகாரப் பிரிவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் போகும்: கடந்த மூன்று மாதங்களில் உங்கள் வேலை நேரத்தில் எத்தனை சதவீதம் லாபி நடவடிக்கைகளில் கழிந்தது? சந்திப்பு மட்டுமல்ல, அதற்கான தயாரிப்பும் சேரும். வரும் சதவீதத்தை அவரவர் சம்பளத்தோடு பெருக்கி, வெளி நிறுவனங்களுக்குக் கொடுத்த கட்டணத்தைக் கூட்டி, கிடைத்ததை அருகிலுள்ள பத்தாயிரத்துக்கு முழுமையாக்கிப் படிவத்தில் எழுதுவோம். உலகமே மேற்கோள் காட்டும் எண்கள் இவ்வாறுதான் பிறக்கின்றன. சட்டமும் நல்லெண்ண மதிப்பீட்டைத்தான் கேட்கிறது.

20 சதவீதம் என்பது இதில் ஒரு மந்திர எண். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அதிகாரிகளையோ உறுப்பினர்களையோ தொடர்புகொண்டு, மூன்று மாத வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை அதற்குச் செலவிட்டால்தான் சட்டத்தின் கண்ணில் அவர் லாபியாளர். அதற்குக் கீழே இருந்தால் பெயர் வெளியே வராது. எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்த அதிகாரி எந்தக் காலாண்டிலும் 15ஐத் தாண்டி எழுதியதில்லை. அவருடைய டாக்ஸி ரசீதுகளும் என் மேசைக்கே வரும்; அவற்றில் பாதிக்கு மேல் நாடாளுமன்றம் இருக்கும் குன்றுக்குப் போனவை. நான் கேட்கவில்லை. கேட்கும் பதவியிலும் இல்லை.

25 ஜனவரி 2025

மெட்டாவின் லாபி செலவு 3 கோடி டாலரைத் தாண்டுகிறது என்று கணக்குப் போட்ட நண்பருக்கு: நீங்கள் மெட்டா தானே தாக்கல் செய்த தொகையோடு, மெட்டாவுக்காக வெளி லாபி நிறுவனங்கள் தாக்கல் செய்த தொகைகளையும் கூட்டியிருக்கிறீர்கள். வெளி நிறுவனத்துக்கு அது வருமானம், மெட்டாவுக்கு அதே பணம் செலவு. நிறுவனத்தின் சொந்த அறிக்கையில் அது ஏற்கெனவே அடங்கிவிட்டது. தாமே அறிக்கை கொடுக்காமல் வெளியாட்களை மட்டும் அமர்த்தும் சிறு நிறுவனங்களுக்குத்தான் உங்கள் கூட்டல் பொருந்தும்.

28 ஜனவரி 2025

இந்தக் காலாண்டு லாபி அறிக்கையை ஒருமுறையாவது திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் 20ஆம் தேதிக்குள் செனட்டின் செயலரிடமும் பிரதிநிதிகள் சபையின் எழுத்தரிடமும் தாக்கலாகும். இந்த முறை 20ஆம் தேதி பதவியேற்பு விழாவும் விடுமுறையும் சேர்ந்து வந்ததால் ஒரு நாள் தள்ளிப்போனது. யார் வேண்டுமானாலும் செனட்டின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மேலே தொகை, அதற்குக் கீழே துறைவாரியாகக் குறியீடு, பிறகு எந்த மசோதா அல்லது எந்தப் பிரச்சினை, எந்தச் சபை, எந்த அமைச்சகம், எந்த லாபியாளர்கள் என்று வரிசையாக வரும்.

இல்லாதவற்றைக் கவனியுங்கள். எந்த உறுப்பினரைச் சந்தித்தார்கள் என்பது கிடையாது. மசோதாவை ஆதரித்தார்களா, எதிர்த்தார்களா என்பதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. ஒவ்வொரு மசோதாவுக்கும் எவ்வளவு செலவானது என்ற பிரிப்பும் கிடையாது. ஒரே பக்கத்தில் சிறுவர் பாதுகாப்பு மசோதாவும் வரிச் சட்டமும் அடுத்தடுத்து நிற்கும். எதன் கழுத்தை நெரித்தார்கள், எதற்குத் தோள் கொடுத்தார்கள் என்பது வாசகரின் ஊகத்துக்கு விடப்பட்டிருக்கும்.

இந்த லாபி வெளிப்படுத்தல் சட்டம் 1995 டிசம்பரில் கையெழுத்தானது. அறிக்கைகள் அரையாண்டிலிருந்து காலாண்டுக்கு மாறியது 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தால். அதே 1995இல் நடந்த இன்னொன்றை இங்கே யாரும் குறிப்பிடவில்லை. தொழில்நுட்பத்தைப் பற்றி உறுப்பினர்களுக்கு நடுநிலையாக எடுத்துச் சொல்வதற்கென 1972இல் உருவாக்கிய தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்துக்கு நிதியை நிறுத்தி, அதை நாடாளுமன்றமே மூடிவிட்டது. லாபியாளரின் பெயரைப் பதிவு செய்யச் சொன்ன அதே ஆண்டில், லாபியாளர் சொல்வதைச் சரிபார்த்துச் சொல்லக்கூடிய ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இணையம் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய நேரம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2 பிப்ரவரி 2025

வரலாறு கேட்டவர்களுக்குச் சுருக்கமாக எழுதுகிறேன். 2009இல் ஃபேஸ்புக்கின் லாபி செலவு சுமார் 2 லட்சம் டாலர். 2011இல் 13.5 லட்சம். 2018இல், பயனர்களின் தரவு முறைகேடாகக் கைமாறிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்து ஜுக்கர்பெர்க் ஏப்ரலில் இரண்டு நாள் நாடாளுமன்றக் குழுக்களின் முன் அமர்ந்த ஆண்டில், 1.26 கோடி. மத்திய வர்த்தக ஆணையம் 500 கோடி டாலர் அபராதம் விதித்த 2019இல் 1.67 கோடி. அதே ஆணையம் வழக்குத் தொடுத்த 2020இல் 1.97 கோடி. வினை முற்ற முற்றச் செலவு ஏறுகிறது.

முன்னோடி மைக்ரோசாஃப்ட்தான். வாஷிங்டனை நாம் ஏன் கவனிக்க வேண்டும் என்ற மனநிலையில் இருந்த அந்த நிறுவனம், 1998 மே மாதம் நீதித்துறையும் பல மாநிலங்களும் ஏகபோக வழக்கைத் தொடுத்த பிறகே அங்கே முழு அளவில் கடைவிரித்தது. அந்தப் பாடத்தைப் பின்னால் வந்த எல்லோரும் படித்துக்கொண்டார்கள். ஜார்ஜ் டபிள்யூ புஷ்ஷின் வெள்ளை மாளிகையில் துணைத் தலைமை அலுவலராக இருந்த ஜோயல் கப்லானை ஃபேஸ்புக் 2011இலேயே சேர்த்துக்கொண்டது. இந்த ஜனவரியில் நிக் கிளெக் விலகியதும், உலகளாவிய விவகாரங்களின் தலைமைப் பொறுப்பு அவரிடமே வந்திருக்கிறது. யார் ஆட்சிக்கு வருகிறார்களோ அவர்கள் மொழி பேசுபவரை முன்னால் நிறுத்துவது என்ற கணக்கில் இங்கே ரகசியம் எதுவும் இல்லை.

9 பிப்ரவரி 2025

"இவ்வளவு செலவழித்து என்ன சட்டம் வாங்கினார்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். எந்தச் சட்டமும் வராமல் இருப்பதைத்தான் வாங்கினார்கள் என்பது என் துணிபு.

கோசா எனப்படும் சிறுவர் இணையப் பாதுகாப்பு மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 30 அன்று செனட்டில் 91க்கு 3 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிலும் ஒத்துப்போகாத இரு கட்சிகளும் சேர்ந்து வாக்களித்த அபூர்வ நாள். பிறகு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே முழுச் சபையின் வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஆண்டு முடிந்து சபையின் காலமும் முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது. அதற்கு முன், பெரிய தளங்கள் தங்கள் சொந்தச் சரக்குக்கே முன்னுரிமை கொடுப்பதைத் தடுக்க செனட்டர்கள் குளோபுச்சரும் கிராஸ்லியும் கொண்டுவந்த மசோதா 2022 ஜனவரியில் நீதிக் குழுவில் 16க்கு 6 என்று தேறியும் செனட் சபையின் வாக்கெடுப்பை எட்டவில்லை. வாக்கெடுப்பு நடந்தால் யார் எந்தப் பக்கம் என்று பதிவாகிவிடும். நடக்காவிட்டால் எவர் கையிலும் ரத்தக்கறை இருக்காது.

இதை எழுதி முடித்துத் திரும்பப் படிக்கும்போது ஒரு தயக்கம் வருகிறது. எல்லாப் பழியையும் மெட்டா மீது போட்டால் கதை நன்றாக இருக்கும். ஆனால் கோசாவை எதிர்த்தவர்களில் ஏசிஎல்யு போன்ற குடிமக்கள் உரிமை அமைப்புகளும் உண்டு. எதை வைத்து ஒரு பதிவைத் தீங்கானது என்று தீர்மானிப்பது, அந்த அதிகாரம் அரசின் கையில் போனால் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டது பணத்துக்காகக் கேட்டது அல்ல. சபாநாயகர் மைக் ஜான்சனும் பேச்சுரிமையைத்தான் காரணமாகச் சொன்னார். அது தவிர, அங்கே தாக்கலாகும் மசோதாக்களில் மிகப் பெரும்பாலானவை யாரும் கொல்லாமலேயே சாகின்றன. இத்தனை காரணங்களுக்கு நடுவே 2.44 கோடி டாலரின் பங்கைத் தனியே பிரித்தெடுத்துக் காட்ட முடியும் என்று எவராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். நிறுவனத்துக்கும் அந்தக் குழப்பம் வசதிதான்.

10 பிப்ரவரி 2025

பணம் இருந்தால் எல்லாம் முடியும் என்று மறுபடி எழுதியிருப்பவருக்கு டிக்டாக்கை நினைவூட்டுகிறேன். அதன் தாய் நிறுவனமான பைட்டான்ஸ் 2019இல் 2.7 லட்சம் டாலரில் தொடங்கி 2023இல் 87 லட்சம் வரை செலவழித்தது. 2024 மார்ச்சில் பிரதிநிதிகள் சபை டிக்டாக்கை விற்காவிட்டால் தடை என்ற மசோதாவை 352க்கு 65 என்று நிறைவேற்றியது. அந்த லாபியாளர்களின் அடுத்த ஆண்டுச் சம்பள உயர்வுக் கடிதத்தைப் பார்க்க ஆசை.

16 பிப்ரவரி 2025

ஒரு வாசகர் தனிச்செய்தியில், "சாதாரண மக்கள் லாபி செய்ய முடியாதா?" என்று கேட்டார். செய்து பார்த்திருக்கிறேன், ஆகவே பொதுவிலேயே எழுதுகிறேன்.

கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் இந்தியர்களின் கதை இங்கே பலருக்கும் சொந்தக் கதை. எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பால் சென்னையில் பிறந்தவரும் சிறு தீவு நாட்டில் பிறந்தவரும் ஒரே அளவு வாசல் வழியாக நுழைய வேண்டியிருக்கிறது. வேலைவழிக் குடியேற்றத்தில் அந்த வரம்பை நீக்கும் மசோதா 2019 வாக்கில் சூடுபிடித்தபோது, எங்களைப் போன்றவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட்டமாக வாஷிங்டன் போனோம். உறுப்பினர்களின் அலுவலகங்கள் இருக்கும் ரேபர்ன் கட்டடத்தின் நீண்ட நடைபாதையில், ஓர் உறுப்பினரின் அலுவலக வாசலில் நின்றபடியே எங்கள் சந்திப்பு நடந்தது, உள்ளே இடமில்லை. வந்த உதவியாளருக்குக் கல்லூரி முடித்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். குடியேற்றம், தொழில்நுட்பம், விவசாயம் மூன்றும் தன் பொறுப்பு என்றார். நாங்கள் கொடுத்த தாளில் முதலில் எங்கள் அஞ்சல் குறியீட்டு எண்ணைத்தான் பார்த்தார், தொகுதிக்காரர்தானா என்று. பிறகு அடக்கமாகக் கேட்டார்: "இந்தப் பிரிவு இன்றைய சட்டத்தில் எந்த வரியை மாற்றுகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தர முடியுமா?"

எங்களிடம் அந்தப் பக்கம் இல்லை. எங்களிடம் இருந்தது கண்ணீர்க் கதைகள். கம்பெனி லாபியாளரிடம் அந்தப் பக்கம் எப்போதும் தயாராக இருக்கும். வழக்கறிஞர் சரிபார்த்தது, உறுப்பினரின் தொகுதியில் எத்தனை வேலைகள் என்ற எண்ணிக்கையோடு. பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் 18 நிரந்தர ஊழியர்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அவர்களில் பலர் தொகுதி அலுவலகத்தில் இருப்பார்கள். அந்த இளைஞர் சில ஆண்டுகள் கழித்து நல்ல சம்பளத்துக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மசோதா என்னவாயிற்று? 2019 ஜூலையில் 365க்கு 65 என்று பிரதிநிதிகள் சபையில் வென்றது. 2020 டிசம்பரில் செனட்டும் மாற்றங்களோடு ஒரு வடிவத்தை ஏற்றது. இரண்டு வடிவங்களும் ஒன்றாகும் முன்பே சபையின் காலம் முடிந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இதில் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் எங்கள் பக்கம்தான் இருந்தன. பெரும்பான்மை, மக்கள் கூட்டம், பெரும் பணம் மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்தும் சட்டமாகவில்லை. ஒரு சட்டத்தைக் கொண்டுவர பத்து வாசல்களும் திறக்க வேண்டும்; தடுக்க ஏதேனும் ஒரு வாசலைச் சாத்தினால் போதும். 9ஆம் தேதிக் குறிப்பில் சொன்னதை அழுத்தமாகச் சொல்லும் துணிவு எனக்கு அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான்.

3 மார்ச் 2025

இந்தியாவில் இப்படிப் படிவம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, லாபியை ஒழுங்குபடுத்தும் சட்டம் எதுவும் அங்கே கிடையாது. ஆனால் அமெரிக்கப் படிவம் ஒன்று டெல்லியைக் கலக்கியிருக்கிறது. 2012 டிசம்பரில், வால்மார்ட்டின் அறிக்கைகளில் இந்தியச் சந்தையில் முதலீட்டுக்கான வாய்ப்பு என்றொரு வரி இருப்பது செய்தியானது. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றி நாடாளுமன்றம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். இந்தியாவில் யாருக்குப் பணம் போனது என்ற முழக்கத்தில் அவை முடங்கி, பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணையும் அமைந்தது. அந்த அறிக்கை வாஷிங்டனில் அமெரிக்க அரசிடம் செய்த லாபிக்கானது; 2.5 கோடி டாலர் என்று பேசப்பட்ட தொகை பல ஆண்டுகளில் பல விஷயங்களுக்கும் சேர்த்து ஆனது. மசோதாவாரியாகத் தொகையைப் பிரிக்காத படிவம், படிப்பவர் மனதில் இருப்பதையே அவருக்குத் திருப்பிக் காட்டும்.

22 ஏப்ரல் 2025

முதல் காலாண்டு அறிக்கை வந்துவிட்டது: மெட்டா ஏறத்தாழ 80 லட்சம் டாலர். இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் வாங்கியது பற்றிய ஏகபோக வழக்கின் விசாரணை இதே மாதம் 14ஆம் தேதி வாஷிங்டனில் நீதிபதி போஸ்பெர்க் முன் தொடங்கியிருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பல பதிவுகள் வந்துள்ளன. நீதிமன்றத்தில் வாதாடுவது இந்தச் சட்டத்தின்படி லாபி ஆகாது. வழக்கறிஞர் கட்டணம் தனிக் கணக்கு.

அதே மூச்சில், இந்த எண்ணில் சேராத மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். அதிபரின் பதவியேற்பு விழா நிதிக்கு மெட்டா கொடுத்த 10 லட்சம் டாலர் இதில் இல்லை. அதை வேறொரு அரையாண்டுப் படிவத்தில் தேட வேண்டும். மாநிலத் தலைநகரங்களில் செய்யும் செலவு அந்தந்த மாநிலப் பதிவேடுகளில் சிதறிக் கிடக்கிறது. கடந்த மாதம் ஆப் ஸ்டோர்களே வயதைச் சரிபார்க்க வேண்டும் என்ற சட்டத்தில் யூட்டா ஆளுநர் கையெழுத்திட்டார், மெட்டா விரும்பியதும் ஆப்பிள் வெறுத்ததுமான சட்டம் அது. ஃபேஸ்புக் பணத்தில் உருவான அமெரிக்கன் எட்ஜ் புராஜெக்ட் போன்ற அமைப்புகளின் விளம்பரங்களும் பொதுமக்களை நோக்கியவை என்பதால் வழக்கமான கணக்குமுறையில் சேராது. வருமான வரிச் சட்டத்தின் வரையறைப்படி கணக்கிடும் நிறுவனங்களுக்கு எல்லை வேறு. ஆகையால் இரண்டு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடும் முன், படிவத்தில் எந்தக் கணக்குமுறைக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சங்கத்தில் அந்தக் கட்டத்தை மாற்றலாமா என்று ஒரு மதியம் முழுவதும் விவாதித்தார்கள். மாற்றவில்லை.

20 நவம்பர் 2025

ஏகபோக வழக்கில் 18ஆம் தேதி தீர்ப்பு வந்தது, மெட்டா வென்றது. இன்றைய நிலவரப்படி ஏகபோகம் இருப்பதை வழக்குத் தொடுத்த மத்திய வர்த்தக ஆணையம் நிரூபிக்கவில்லை என்பது நீதிபதியின் முடிவு. லாபிதான் ஜெயித்தது என்று இங்கே இருவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வழக்கைத் தொடுத்தது டிரம்பின் முதல் ஆட்சியின் ஆணையம், நடத்தியது பைடனின் ஆணையம், விசாரணைக்குக் கொண்டுபோனது மறுபடியும் டிரம்பின் ஆணையம். வாஷிங்டனில் இத்தனை ஆண்டுகள் கொட்டிய பணம் அந்த வழக்கைத் திரும்பப் பெற வைக்கவில்லை.

தீர்ப்பின் அச்சாணி டிக்டாக். அதையும் யூடியூபையும் சேர்த்துச் சந்தையை அளந்தால் மெட்டாவுக்குப் போட்டி இருக்கிறது என்றார் நீதிபதி. டிக்டாக்கை மக்கள் மத்தியில் கெட்ட பெயராக்குவதற்கு டார்கெட்டட் விக்டரி என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தை மெட்டா அமர்த்தியதை 2022இல் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது இங்கே சிலருக்கு நினைவிருக்கும். அந்தப் பிரச்சாரம் முழு வெற்றி பெற்று, 2024ஆம் ஆண்டுத் தடைச் சட்டமும் ஒத்திவைக்கப்படாமல் அமலாகியிருந்தால், மெட்டாவின் வழக்கறிஞர்கள் இந்த ஏப்ரலில் எந்தப் போட்டியாளரைக் காட்டியிருப்பார்கள்?